ஏறு, இறங்கு, நில்: சித்தூர், திருப்பதி வட்டார மழலையர் வகுப்பில் போக்குவரத்துப் பாடம்

1. பொருளும் களமும்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் போக்குவரத்து என்னும் கருப்பொருளை எப்படிக் கொண்டுசெல்லலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. களம், ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள். 1911 ஏப்ரல் 1-இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நெல்லூரோடு இருந்த சூலூர்பேட்டைப் பகுதியும் அப்போது திருப்பதியோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நகரியிலும் சத்தியவேட்டிலும் இன்றும் இருக்கின்றன. சித்தூர் நகரத்திலும் குப்பத்திலும் தமிழ் பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை. இந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசிவிட்டு அங்கன்வாடியில் தெலுங்கு கேட்கிறார்கள்.

அங்கன்வாடி என்ற அமைப்பு 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழியே வந்தது. ஆந்திர அங்கன்வாடிகளில் இப்போது பிபி1, பிபி2 என்ற முன்பருவ வகுப்புகள் உண்டு. 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், 2024-இல் வந்த ஆதார்ஷிலா பாடத்திட்டமும் விளையாட்டின் வழியே கற்பதையே முன்வைக்கின்றன. ஆக, கொள்கை அளவில் சண்டை ஒன்றும் இல்லை. அந்தக் கொள்கை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஓர் அறையில் என்னவாக மாறுகிறது என்பதுதான் கேள்வி.

வாகனங்களின் பெயரைச் சொல்லித்தருவது இந்தக் கருப்பொருளின் மிக மெலிந்த பகுதி. யார், எதற்காக, எங்கே, எதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்பதே இந்த வயதுக்குரிய பாடம். அதற்கு வேண்டிய சரக்கு இந்த வட்டாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சுவரில் தொங்கும் படம்

எந்த மழலையர் பள்ளிக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்தப் படம் தொங்கும். தரைவழி, நீர்வழி, வான்வழி என்று மூன்று பிரிவு. கார், பஸ், ரயில், கப்பல், படகு, விமானம், ஹெலிகாப்டர். சில படங்களில் ராட்சத பலூனும் இருக்கும். ஆசிரியை குச்சியால் தொடுவார், பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

அந்தப் படத்தில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டால் சித்தூர்ப் பிள்ளையின் உலகம் முழுவதும் வந்துவிடும். ஷேர் ஆட்டோ இல்லை. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் இல்லை. விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகும் டிவிஎஸ் எக்ஸெல் இல்லை. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் விதைநெல்லும் புல்லுக்கட்டும் பெண்டாட்டி பிள்ளைகளும் ஏறிப்போகும் வண்டி அதுதான். எந்தப் பதிப்பகமும் அதை ஒரு வாகனமாக மதித்துப் படம் போட்டதாகத் தெரியவில்லை.

தரை, நீர், வானம் என்ற பகுப்பும் பெரியவர்களுடையது. உளவியலாளர் ஜீன் பியாஜே இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தைத் தனி நிலையாக வகுத்தார். அந்தப் பருவத்துக் குழந்தை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஏதேனும் ஒரு தன்மையைப் பிடித்துக்கொண்டுதான் பொருள்களை இனம் பிரிக்கும். வண்டிகளைப் பிள்ளைகளிடமே விட்டுப் பிரிக்கச் சொன்னால் சத்தம் போடுவது, போடாதது; எங்கள் தெருவுக்கு வருவது, வராதது; அப்பா ஏறுவது, ஏறாதது என்றுதான் கூறுகட்டும். முதலில் அந்தக் கூறுகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். வானமும் கடலும் அப்புறம் வரலாம்.

இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. போக்குவரத்து தினம் என்று ஒரு நாளை வைத்து, அட்டையில் செய்த விமான இறக்கையைப் பிள்ளையின் தோளில் கட்டி, இன்னொன்றுக்குப் போலீஸ் தொப்பி மாட்டி, வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அட்டையை வெட்டியது அம்மா, ஒட்டியது ஆசிரியை. பிள்ளைக்குக் கிடைத்தது வியர்வை.

3. முன்னோடிகள், உள்ளூரிலும் வெளியூரிலும்

குழந்தைக்கும் வண்டிக்கும் உள்ள உறவு தமிழுக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவம் சிறுதேர். அதற்கும் மிக முந்திய பட்டினப்பாலையில், காயவைத்த உணவைத் தின்னவந்த கோழியை விரட்ட ஒரு பெண் எறிந்த காதணி, குதிரையில்லாமல் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரை மறிக்கிறது. தமிழில் பதிவான முதல் சாலை இடையூறு இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் கிடையாது. அவர்களுக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும்தான். அந்தப் பாகுபாடு இன்றைய வகுப்புக்குள்ளும் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பஸ் விளையாட்டில் ஸ்டியரிங் பையன் கைக்கும், பின்சீட்டு பெண்பிள்ளைக்கும் போய்விடும். ஆசிரியை முறை வைத்து மாற்றிவிட வேண்டும்.

சிறுதேரின் வாரிசு நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் காய் இரண்டு, அவற்றை இணைக்க ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவையுள்ள ஒரு கம்பு. இவ்வளவுதான். தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இது முஞ்சகாய் பண்டியாக நன்றாகவே தெரியும். குச்சி காய்க்குள் இறுக்கமாக இறங்கினால் காயும் குச்சியும் ஒன்றாகச் சுழலும். கவை மட்டும் குச்சியின்மேல் வழுக்கிக்கொண்டு வரும். குச்சி தளர்ந்திருந்தால் காய் தள்ளாடிக் கழன்றுவிடும். ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி நேராக ஓடாது, சின்னக் காயின் பக்கமே வளையும். காயை மாற்றிப் போட்டால் வளைவும் பக்கம் மாறும். நாலு வயதுப் பிள்ளை இதற்குக் காரணம் சொல்லாது. ஆனால் மறுமுறை காய் பொறுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கும். அந்த அளந்து பார்த்தல்தான் நமக்கு வேண்டிய கணக்கு. குச்சியைக் கூராக்கிக் குத்தும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்துகொடுத்தால் போதும்.

நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை, தன் நண்பர் வீட்டு ஆறு வயதுப் பையன் தரையெல்லாம் தண்டவாளமாக்கி ரயில் விளையாடுவதைப் பார்த்தார். 1914-இல் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த மரக்கட்டைகள் இன்று உலகெங்கும் மழலையர் வகுப்புகளில் இருக்கின்றன. அவரோடு வேலைசெய்த லூசி ஸ்பிரேக் மிட்செல் 1921-இல் ஒரு கதைத்தொகுப்பு வெளியிட்டார். குழந்தை இருக்கும் இடத்தையும் அது கண்ணால் காணும் நேரத்தையும் வைத்தே கதை தொடங்க வேண்டும், அரண்மனையும் தேவதையும் பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. சித்தூருக்கு இந்தக் கட்சி அப்படியே பொருந்தும்.

உள்ளூரிலும் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம், சுற்றுப்புறக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. பத்மநாப ராவும் ரமாவும் அங்கே உருவாக்கிய அட்டைவழிக் கற்றலையும் கற்றல் ஏணியையும் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அது தொடக்க வகுப்புகளுக்கானது. ஆனாலும் பக்கத்து வயலையும் சந்தையையும் பாடப்பொருளாக்கலாம் என்பதை இந்த மண்ணிலேயே செய்துகாட்டியவர்கள் அவர்கள். நான் கீழே சொல்லப்போகும் செயல்களுக்கு அந்தத் துணிவே அடிப்படை.

4. மணல்மேட்டில் மலைப்பாதை

இந்த வட்டாரத்துக்கே உரிய செயல் இது. வேறெங்கும் இதற்கு இவ்வளவு பொருத்தம் அமையாது.

முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு ஈர மண்ணைக் குவித்துக்கொள்ள வேண்டும். ஆற்று மணல் விலைபேசும் காலம் இது. செம்மண்ணே நன்றாகப் பிடிக்கும். எம்-சாண்டில் தூசி அதிகம். முதலில் ஒரு பிள்ளையை உச்சியிலிருந்து அடிவரை விரலால் நேர்க்கோடு இழுக்கச் சொல்லலாம். அதில் கோலிக்குண்டை விட்டால் சர்ரென்று இறங்கி எங்கேயோ போய் விழும். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். மறுபடி மறுபடி விடும். அவசரப்படாமல் விட வேண்டும்.

பிறகு, அடிவாரத்தில் ஒரு சின்ன பொம்மையை உட்காரவைத்து, குண்டு அதன்மேல் மோதாமல் மெதுவாக இறங்கி வர என்ன செய்யலாம் என்று கேட்பது. கோட்டை வளைக்கலாம் என்று எப்படியும் ஒரு பிள்ளை சொல்லும். சொல்லாவிட்டால் ஆசிரியையே கட்டைவிரலால் ஒரு வளைவு போட்டுத் தொடங்கிவைக்கலாம். குண்டு வளைவில் வெளியே தாவும். வரப்பு கட்டுவார்கள். அடுத்த வளைவில் தாவும். அங்கேயும் வரப்பு. அரைமணி நேரத்தில் மேடு முழுக்கப் பாதை சுற்றியிருக்கும்; குண்டு தயங்கித் தயங்கி இறங்கும். தூரம் கூடினால் சரிவு குறைகிறது என்ற பொறியியலை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. கை செய்துவிட்டது.

அடுத்த கட்டம் இரண்டு தீப்பெட்டி வண்டிகள். ஒன்று மேலே ஏற வேண்டும், ஒன்று கீழே இறங்க வேண்டும், பாதை ஒன்றே. வளைவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். யார் பின்னால் போவது? இந்தத் தகராறைத் தீர்க்க ஆசிரியை முந்திக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நேரம் சண்டை நடக்கட்டும். இன்னொரு பாதை போட்டால் என்ன என்ற யோசனை வந்தபிறகு திருமலைக் கதையைச் சொல்லலாம். முதல் மலைப்பாதை 1944 ஏப்ரல் 10-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 36 கொண்டைஊசி வளைவுகள். முப்பது ஆண்டு கழித்து, 1974-இல் இரண்டாவது பாதை. இப்போது பழைய பாதை இறங்குவதற்கு, புதிய பாதை ஏறுவதற்கு. மேட்டில் முட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இது தங்கள் சண்டைக்கு வந்த தீர்ப்பு. சும்மா உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கு ஆண்டும் எண்ணும் மட்டுமே. அதனால் ஆண்டுகளை ஆசிரியை தனக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

மலைப்பாதையில் இன்னொரு விதி உண்டு. ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் சாவடிக்கு வந்துசேர்ந்தால் வேகமாக ஓட்டியதாகப் பொருள்; அபராதம். வெறும் பந்தயங்களையே பார்த்துப் பழகிய குழந்தைக்கு முதலில் வந்தவன் தப்புச் செய்தவன் என்ற இந்த ஏற்பாடு விந்தையாக இருக்கும். இதையே விளையாட்டாக்கலாம். சாக்பீஸில் வளைந்த பாதை போட்டு, ஆசிரியை மெதுவாகப் பத்து எண்ணி முடிப்பதற்குள் மறுமுனைக்கு வந்தவர்கள் திரும்ப மேலே போக வேண்டும். நடுவில் நிற்கவும் கூடாது. உடம்பை அடக்கி நடக்கும் பயிற்சி, காது எண்ணிக்கையில் இருக்கும் பயிற்சி, இரண்டும் ஒரே வேளையில் நடக்கும்.

நடந்து போவதையும் போக்குவரத்தில் சேர்க்க வேண்டும். சுவர்ப்படம் அதை ஒருநாளும் சேர்ப்பதில்லை. அலிபிரி வழியில் 3550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2388 படி என்பது பெரியவர்களின் கணக்கு. அங்கன்வாடி வாசலில் இருக்கும் மூன்று படி போதும். ஒரு படிக்கு ஓர் எண், ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி.

5. பஸ் விளையாட்டும் பூச்சிய டிக்கெட்டும்

நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் பஸ். நாற்காலி இல்லாத இடத்தில் பாயை நீளவாக்கில் மடித்துப் போட்டாலும் பஸ்தான். டிரைவர், கண்டக்டர், பயணிகள் தவிர, பஸ் நின்றதும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஏறி இறங்கும் ஆள் ஒருவரும் வேண்டும். அந்த வேடத்துக்குத்தான் போட்டி அதிகம் இருக்கும்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையொன்றில், குழந்தை தன் ஆசையை அடக்கி விதிக்குக் கட்டுப்படக் கற்பது விளையாட்டில்தான் என்று விளக்கினார். எழுந்து ஓடத் துடிக்கும் பிள்ளை, தான் பயணி என்பதால் நிறுத்தம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறது. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று அதட்டினால் ஒரு நிமிடமும் இருக்காத பிள்ளை அது.

நிறுத்தங்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும். நகரிப் பிள்ளைகளுக்குப் புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி. சித்தூர்ப் பிள்ளைகளுக்குப் பூதலப்பட்டு, சந்திரகிரி, திருப்பதி. ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு வட்டம், அதில் ஓர் அடையாளப் படம். சந்திரகிரிக்குக் கோட்டை, ரேணிகுண்டாவுக்கு விமானம். முதலில் எது, அடுத்தது எது, கடைசியில் எது என்ற வரிசை, பயணம் செய்து பழகிய பிள்ளைக்கு ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. அதை வாய்க்குக் கொண்டுவருவதுதான் வேலை.

டிக்கெட்டில்தான் கணக்கு இருக்கிறது. எத்தனை நிறுத்தமோ அத்தனை புள்ளி வைத்த சீட்டு. மூன்று புள்ளிக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து வாங்க வேண்டும். ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு ஸ்த்ரீ சக்தி திட்டத்தில் இலவசப் பயணம். கண்டக்டர் பூச்சியத் தொகைக்கு டிக்கெட் கிழித்துத் தருகிறார். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதலே இது உண்டு. ஆக, நகரிப் பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்திருக்கும். விளையாட்டில் இதைக் கொண்டுவந்தால் புள்ளியே இல்லாத சீட்டு ஒன்று தேவைப்படும். சீட்டு கையில் இருக்கிறது, புள்ளி இல்லை, கொட்டை கொடுக்க வேண்டியதும் இல்லை. பூச்சியத்தைக் கரும்பலகையில் வட்டமாகப் போட்டு ஒன்றுமில்லை என்று விளக்குவதைவிட இது எவ்வளவோ தெளிவு. அம்மாவிடம் ஆதார் அட்டை கேட்கும் கண்டக்டரும் விளையாட்டில் முளைப்பார், கேட்கட்டும்.

ஓசை விளையாட்டைப் பற்றி ஒரு சொல். கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டியின் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்வது பழைய விளையாட்டு. 2022 செப்டம்பரில் திருமலைக்கு மின்சாரப் பஸ் வந்தபிறகு அதில் ஒரு சிக்கல் புகுந்துவிட்டது. சத்தமில்லாத பஸ்ஸுக்கு என்ன சத்தம் கொடுப்பது? பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். ரயிலுக்கோ இன்னமும் நீராவி எஞ்சினின் ஓசையைத்தான் பழக்குகிறோம். அந்த எஞ்சின் வழக்கமான ஓட்டத்தை நிறுத்திக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதைத் திருத்தத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்; அந்தத் தாளத்துக்கு வரிசையாக நடக்க வருகிறதே.

6. சுமை

வண்டி என்றால் சுமை. குழந்தைகளின் பாடத்தில் இது ஏனோ விட்டுப்போகிறது.

ஜூன், ஜூலையில் சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் அப்பாவோ மாமாவோ ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்திருப்பார். இதை வகுப்புக்குள் கொண்டுவர ஒரு செருப்புப் பெட்டியும் கயிறும் உதிர்ந்த பிஞ்சுகளும் போதும். காலிப் பெட்டி ஒரு விரலுக்கு வரும். பத்துக் காய் போட்டால் கை வேண்டும். நிரப்பினால் கயிறு இழுபடும், பெட்டி நகராது; இன்னொரு பிள்ளை வேண்டும். சிமெண்டுத் தரையில் நகரும் பெட்டி மண்ணில் நகர மறுக்கும். அடியில் இரண்டு பென்சிலை உருளையாக வைத்துப் பார்க்கலாம்.

காத்திருப்பதையும் விளையாட வேண்டும். ஆலை வாசலில் ஒரு பிள்ளை காயை எண்ணி இறக்கும். மற்ற வண்டிகள் பின்னால் நிற்கும். வண்டி ஏன் நிற்கிறது, காய் அழுகினால் என்ன ஆகும், டிரைவருக்குச் சாப்பாடு யார் கொண்டுவருவார் என்று கேள்விகள் கிளம்பும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியையைவிட இதில் அதிகம் தெரிந்திருக்கும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை பேசத் தொடங்குவதும் இங்கேதான்.

பால் இதைவிட எளிது. மாடு, கேன், எக்ஸெல் வண்டி, கொள்முதல் நிலையம், டேங்கர், பாக்கெட், டீ. ஏழு படங்களைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் போதும்.

7. இரு மொழி வகுப்பு

எல்லையோர வகுப்பில் இந்தக் கருப்பொருளுக்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. பஸ், லாரி, ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் பலமனேர்ப் பக்கத்து உருதுப் பிள்ளைக்கும் ஒன்றே. விலங்குகள், காய்கறிகள் என்ற தலைப்புகளில் முதல் நாளே புதுப்பெயர்களில் தடுக்கி விழும் தமிழ்ப் பிள்ளை, இங்கே பாதி வகுப்பைத் தெரிந்தவனாக உள்ளே வருகிறான்.

வேறுபாடு வினைகளில் இருக்கிறது. ஏறு என்றால் எக்கு, இறங்கு என்றால் திகு. நில் என்பதற்கு ஆகு. இவற்றைப் படம் காட்டி விளக்க முடியாது. செய்துதான் காட்ட வேண்டும். நல்ல வேளையாக, பஸ் விளையாட்டில் இந்த மூன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை வரும். கண்டக்டர் எந்த மொழியில் கூவுகிறாரோ அந்த மொழியில் எல்லோரும் ஏறி இறங்க வேண்டும் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. பஸ்ஸை நிறுத்தத் தமிழ் கண்டக்டர் 'ஹோல்டான்' என்பார். ரைட் மட்டும் எல்லாருக்கும் ரைட்தான்.

தமிழ்ப் பிள்ளை தெலுங்கு கற்பது போலவே தெலுங்குப் பிள்ளையும் சில தமிழ் வினைகளைக் கற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கற்றுக்கொண்டால், கற்றுக்கொள்ளும் பக்கம் குறைந்த பக்கம் என்று மூன்று வயதிலேயே பதிந்துபோகும். தெலுங்கு மட்டும் தெரிந்த ஆசிரியைகூட ஒரு தமிழ்ப் பாட்டியை வாரம் ஒருநாள் கண்டக்டராக வரவழைத்து இதைச் செய்யலாம்.

எழுத்தறிவுக்கு முந்திய வாசிப்பும் சாலையில்தான் நடக்கிறது. எண்பலகை அதற்கு நல்ல கருவி. ஏபி 03 என்றால் சித்தூர். 2019 முதல் பதிவான வண்டிகளில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக ஏபி 39 வந்தது. டிஎன் 23 என்றால் வேலூர், கேஏ 07 என்றால் கோலார். மூன்று மாநிலம் கூடும் சித்தூரில் அரைமணி நேரம் வாசலில் நின்றால் மூன்றும் கண்ணில் படும். முதல் இரண்டு எழுத்தின் வடிவத்தை மட்டும் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, அதே வடிவம் தெரியும் வண்டியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எழுத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

8. தண்டவாளம், ஏரி, ஏவுதளம்

ரயில் விளையாட்டு எல்லாப் பள்ளியிலும் உண்டு. சட்டையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடுவது. இங்கே அதில் ஒரு சந்திப்பைச் சேர்க்கலாம். பாகாலாவில் காட்பாடிப் பாதையும் திருப்பதிப் பாதையும் தர்மாவரம் பாதையும் கூடுகின்றன. தரையில் மூன்று கிளையாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு பிள்ளையைக் கையை நீட்டி நிற்கவைத்தால், கை காட்டும் பக்கம் ரயில் திரும்ப வேண்டும். வழி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ரயிலிடம் இல்லை, நிற்பவனிடம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியம்.

சூலூர்பேட்டைப் பக்கம் போனால் கதை வேறு. பழவேற்காடு ஏரியின் ஆழம் பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை தெரியும் அளவுதான்; படகைக் கோலூன்றித் தள்ளுகிறார்கள். தொட்டித் தண்ணீரில் கொட்டாங்கச்சிப் படகை மிதக்கவிட்டு, துடுப்பால் தள்ளுவதையும் அடியைக் குச்சியால் உந்துவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீனவர் குடியிருப்புகளிலிருந்தும் யானாதிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இது சொந்த வீட்டு விஷயம். சுவர்ப்படத்துக் கப்பல் அவர்களையும் அந்நியராக்கிவிடும்.

அதே ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. ராக்கெட்டின் உள்ளமைப்பை நாலு வயதில் விளக்க முயல்வது வீண். ஆனால் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. சுவருக்குச் சுவர் நூல் கட்டி, உறிஞ்சுகுழலைக் கோத்து, அதில் ஊதிய பலூனை ஒட்டி, பூச்சியம் சொன்னதும் பலூனின் வாயை விட வேண்டும். யாராவது ஏழுக்குப் பிறகு ஐந்து சொன்னால் மறுபடி பத்திலிருந்து. பலூன் பறக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் எல்லோரையும் திருத்துவார்கள்.

வண்டி எங்கே பிறக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் இசூசு வண்டிகள் 2016 முதல் தயாராகின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்டப் பெட்டிகளில் பெரும்பாலானவை அங்கே அல்ஸ்டோம் ஆலையில் உருவானவை. சத்தியவேட்டுப் பக்கத்துப் பெற்றோர் சிலர் இந்த ஆலைகளுக்குப் போகிறவர்கள். வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையோடும் தலைக்கவசத்தோடும் ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் அதுவே பாடம்.

9. தோளில் போகும் வாகனம்

திருப்பதிப் பிள்ளைகள் வாகனம் என்ற சொல்லை மோட்டார் வண்டிக்கு முன்னால் கேட்பது பிரம்மோற்சவத்தில். ஒன்பது நாள், காலையும் மாலையும் சேஷ வாகனம், ஹம்ச வாகனம், ஐந்தாம் நாள் இரவு கருட சேவை, எட்டாம் நாள் தேர். எஞ்சினும் இல்லை, தேரைத் தவிர மற்றவற்றுக்குச் சக்கரமும் இல்லை. வாகனம், அதைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளில் போகிறது.

இதை வகுப்பில் எடுக்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. அங்கன்வாடி எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் உரியது. வழிபாடாக எடுப்பது தவறு. சுமக்கும் கலையாக எடுத்தால் தவறில்லை. தர்கா விழாவின் சந்தனக்கூடும் சில இடங்களில் அப்படித்தான் தோளில் போகிறது. இரண்டையும் பிள்ளைகள் தெருவில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பலகை, அதன்மேல் பாதி நீர் நிரம்பிய பிளாஸ்டிக் குவளை, நான்கு மூலைக்கு நான்கு பிள்ளைகள். ஒருவர் உயரமாக இருந்தால் நீர் சாயும். ஒருவர் முந்தினால் சிந்தும். குட்டையான பிள்ளைகளை முன்னாலும் உயரமானவர்களைப் பின்னாலும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். உயரவரிசை என்ற கணக்கு இங்கே தேவையால் வருகிறது.

10. சாலை, பதிவேடு

சாலைப் பாதுகாப்பை இந்தக் கருப்பொருளில் சேர்ப்பது வழக்கம். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களை ஒட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. கிராமத்துப் பிள்ளை கடக்கும் சாலையில் விளக்கே கிடையாது. இந்த வயதில், எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் முதிர்ந்திருக்காது. எனவே வலம் பார், இடம் பார் என்று மனப்பாடம் செய்வித்துத் தனியே அனுப்பும் நம்பிக்கை ஆபத்தானது. கற்பிக்க வேண்டியது ஒன்றுதான்: பெரியவர் கையைப் பிடிக்காமல் சாலையோரத்தைத் தாண்டி அடி வைக்கக் கூடாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் ஓடக் கூடாது என்பதைப் பஸ் விளையாட்டிலேயே பழக்கிவிடலாம். மற்றவை பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டியவை. ஒரே ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை ஏற்றுவதும் அதில் அடக்கம்.

மதிப்பீட்டுக்கு வினாத்தாள் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு வரி. பாரம் கூடியதும் தானாகவே இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டாளா, தானே இழுத்துப் பார்த்து அழுதாளா? வளைவில் குண்டு தாவியபோது வரப்பு கட்டினானா, குண்டை மாற்றினானா? திகு என்ற சொல்லுக்கு யாரையும் பார்க்காமல் இறங்கினாளா, மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்து இறங்கினாளா? பூச்சியச் சீட்டை வாங்கியவன் புளியங்கொட்டையை நீட்டினானா? இப்படிப்பட்ட வரிகள் மூன்று மாதம் சேர்ந்தால், எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டில் மறுபடி இடம் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எத்தனை வாகனத்தின் பெயர் தெரியும் என்ற கட்டத்துக்கு அந்த நோட்டில் இடம் தேவையில்லை.